நகம் வளர்கிறது

மனுரேவா, ஓக்லாந்து
18.08.1996

அன்புள்ள மச்சாள் நிலானிக்கு,

நீங்களும் மாமியும் வவுனியாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். குளிர் இன்னும் விடவில்லை. சிந்துவின் இருமல் மாறிவிட்டது. மாமிக்கு நெஞ்சுவலி திரும்ப வந்ததா? மருந்தை விடாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரிகளில் உதவியாளர் வேலை எடுப்பதற்காக மாலை வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன். கணக்கியல் படித்தவளுக்கு இந்த வயதில் உயிரியல் வந்து மாட்டியிருக்கிறது. செவ்வாயிலிருந்து விழுந்த கல்லொன்றில் உயிரின் தடம் இருக்கலாம் என்று இங்குள்ள பேப்பர்களில் இரண்டு கிழமையாக ஒரே கதை. படித்த பெரிய ஆட்களே இருந்தது, இல்லை என்று அடிபடுகிறார்கள்.

ஒன்றுக்கு உயிர் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? முதல் உயிர் எங்கிருந்து வந்தது? உயிரியல் படிப்பிக்கிற உங்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விளக்கமாக எழுதுங்கள்.

உங்கள் அண்ணா வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் மாமிக்கு அவர் எழுதும் இரண்டு வரி அதனால்தான் இல்லை.

மாமிக்கு என் வணக்கம்.
லோஜனா


வவுனியா
10.09.1996

அன்பு மச்சாள்,

உங்கள் கடிதம் கிடைத்து எல்லோரும் சுகம் என்று அறிந்ததில் நிம்மதி. நாங்களும் அப்படியே. அம்மாவுக்கு நெஞ்சு நோ குறைவு, வாய் குறையவில்லை.

சிரிக்கத்தான் செய்தேன். குணரத்தினம் மாஸ்டர் வீட்டு மருமகள் உயிரியல் படிக்கிறாள் என்று அறிய அப்பா இல்லாமல் போய்விட்டார். இருந்தால் ஓக்லாந்துக்கே வந்து பாடம் எடுத்திருப்பார்.

கேட்டதற்கு வருகிறேன். அசைவு, சுவாசம், போசணை, கழிவகற்றல், வளர்ச்சி, இனப்பெருக்கம், உறுத்துணர்ச்சி. இந்த ஏழும் வேண்டும். கடைசியாகச் சொன்னது, வெளியிலிருந்து ஒன்று தொட்டாலோ சுட்டாலோ கூப்பிட்டாலோ அதற்கு மறுமொழி காட்டுவது. நெருப்பைப் பாருங்கள். அசையும், தின்னும், வளரும், காற்றில்லாவிட்டால் அணையும். ஆனாலும் அதற்கு உயிரில்லை. ஏழில் ஒன்று குறைந்தாலும் அது உயிரில்லை என்று எழுதினால்தான் நான் புள்ளி போடுவேன். பிள்ளைகள் எனக்கு ஏழு ரீச்சர் என்று பட்டம் வைத்திருக்கிறார்கள்.

முதல் உயிரைப் பற்றி ஆளுக்கொரு கதை. அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஈ முட்டையிட்டுவிட்டுப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. வேறு கிரகத்திலிருந்து விதைபோல வந்து விழுந்தது என்பதும் ஒரு கட்சி. உங்கள் பேப்பர்க் கல் அந்தக் கட்சியைச் சேர்ந்தது. அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை.

அண்ணாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லாத வேலை என்ன வேலை? அம்மா கடிதத்தை வாங்கியதும் அடியைத்தான் முதலில் பார்க்கிறார்.

அன்புடன்,
நிலானி


மனுரேவா
06.10.1996

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும் மாமியின் சுகத்தையும் அறிய ஆசை. வவுனியாவில் ஆமியின் சுற்றிவளைப்பு அதிகம் என்று கேள்விப்படுகிறேன். அடையாள அட்டை இல்லாமல் வாசலுக்கும் போகாதீர்கள்.

அவருக்கு வேலையில் கை பிசகிவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று மாமிக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய ஏழையும் பாடமாக்கிவிட்டேன். வகுப்பில் ரீச்சர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓர் உடம்புக்கு மெஷின்தான் மூச்சுக் கொடுக்கிறது, சாப்பாடும் குழாயால் போகிறது. அப்போது சுவாசமும் போசணையும் இருக்கிறது என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? மற்றது, உயிரில்லாததிலிருந்துதான் முதல் உயிர் வந்தது என்று இங்கே படிப்பிக்கிறார்கள். அப்படி ஒருதரம் வந்ததென்றால் இன்னொரு தரமும் வரலாம்தானே? ஒன்றிலிருந்து உயிர் போய்விட்டாலும் அது திரும்பி வர இடமிருக்கிறதா?

கெதியாகப் பதில் போடுங்கள். வகுப்புக்கு அவசரம்.

லோஜனா


வவுனியா
30.10.1996

அன்பு மச்சாள்,

கை பிசகியது என்று வாசித்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டார். இங்கே நாங்கள் சுகம்தான். தீபாவளிக்குப் பள்ளிக்கூடம் மூடும்.

உங்கள் ரீச்சர் கெட்டிக்காரி. ஆனால் பதில் சுலபம். சுவாசம் என்றால் அந்த உயிர் தானாகச் செய்யவேண்டும். பம்ப் அடித்தால் சைக்கிள் ரியூப்பும் வீங்கி வற்றும். ரியூப் மூச்சு விடுகிறது என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் பூச்சியம் போட்டு, அப்பாவையும் கூட்டிவரச் சொல்லுவேன். மெஷின் செய்வது மெஷினின் வேலை.

இரண்டாவது கேள்விக்கு இரண்டு கதை தெரியவேண்டும். ஆதியில் கடல் ஒரு கூழ்ப் பானைபோல இருந்தது, மின்னலும் வெயிலும் அதைக் காய்ச்சியதில் உயிர் திரண்டது என்றார் ஒபாரின். மில்லர் என்பவர் அதே வாயுக்களைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி விட்டுப் பார்த்தார். அமினோ அமிலம் வந்தது. சமையல் சாமான் வந்தது, சமையல் நடக்கவில்லை. அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே லூயி பாஸ்டர் இறைச்சி ரசத்தைக் கொதிக்கவைத்து, வாத்துக் கழுத்துபோல வளைந்த குடுவையில் விட்டார். தூசி போக வழியில்லாததால் அதில் ஒரு கிருமிகூட உண்டாகவில்லை. இன்றைய உலகத்தில் உயிர் உயிரிலிருந்துதான் வரும். ஒன்றிலிருந்து உயிர் போய்விட்டால் போனதுதான். திரும்பி வரும் என்று எழுதவேண்டாம், புள்ளி போய்விடும்.

அண்ணாவின் கைக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். வலக்கை முடியாவிட்டால் இடக்கையால் கோணலாக எழுதச் சொல்லுங்கள். எழுத்து வடிவாக இருக்கவேண்டும் என்று அம்மா கேட்கவில்லை.

நிலானி


மனுரேவா
20.11.1996

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தேன். பதிலுக்கு நன்றி.

ஒன்று மட்டும் திருத்தவேண்டும். அது இப்போது தானாகவே மூச்சு விடுகிறது. மெஷினை எடுத்துவிட்டார்கள். எடுத்தால் நின்றுவிடும் என்றார்கள், நிற்கவில்லை. ஆகவே சுவாசம் இருக்கிறது. போசணை குழாயால்தான், ஆனால் உடம்பு அதைச் செமிக்கச் செய்கிறது. கழிவகற்றல் இருக்கிறது. வளர்ச்சியும் இருக்கிறது, கிழமைக்கு ஒருதரம் நகம் வெட்டவேண்டியிருக்கிறது. உறுத்துணர்ச்சி மட்டும் இல்லை. ஊசியால் குத்தினால் உடம்பு துடிக்கிறது, அது கணக்கில்லையாம்.

மற்றதெல்லாம் இருந்து அது ஒன்று மட்டும் இல்லாவிட்டால் உங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன முடிவு? ஒரு புள்ளியாவது போடமாட்டீர்களா? இங்கே ஒரு நேர்ஸ் இப்படியான ஆட்களை மரக்கறி என்று சொன்னதைச் சிந்து கேட்டுவிட்டாள். மரஞ்செடிக்கும் உயிர் இருக்கிறதுதானே?

பெப்ரவரியில் முடிவு சொல்லவேண்டும்.

லோஜனா


வவுனியா
14.12.1996

அன்பு மச்சாள்,

இங்கே நாங்கள் சுகம் என்று எழுதிவிட்டேன். அவ்விடத்துச் சுகத்தை இம்முறை நம்பிக் கேட்க முடியவில்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

யாருடைய நகத்தை வெட்டுகிறீர்கள்?

எந்த உயிரியல் புத்தகத்திலும் கிழமைக்கு ஒருதரம் நகம் வெட்டவேண்டும் என்று எழுதியிருக்காது. மாலை வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு நேர்ஸ் எங்கிருந்து வந்தார்? உங்கள் கடிதங்களை மேசையில் அடுக்கிவைத்து முதலிலிருந்து வாசித்தேன். அண்ணா ஓகஸ்ட்டிலிருந்து எழுதவில்லை. அதே ஓகஸ்ட்டில்தான் உங்களுக்கு உயிரியல் தேவைப்பட்டிருக்கிறது.

நான் நினைப்பது பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். என்னை நன்றாகத் திட்டியே எழுதுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நிலானி


வவுனியா
09.01.1997

மச்சாள்,

பொங்கல் வருகிறது. உங்கள் பதில் வரவில்லை. ஓக்லாந்துக்குத் தொலைபேசி எடுப்பதென்றால் கொழும்புக்குப் போகவேண்டும். ஊரைவிட்டுப் போகப் பாஸ் கேட்டு இரண்டு தரம் வரிசையில் நின்றேன், ஆசிரியை என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தபால்காரரின் மணிச்சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். கடிதம் இல்லாவிட்டால் அழுகை வருகிறது, இல்லாததே நல்லது என்றும் ஒரு நினைப்பு வருகிறது.

பம்ப், ரியூப், பூச்சியம் என்றெல்லாம் எழுதிவிட்டேன். அது யாரைப் பற்றி எழுதியது, மச்சாள்?

என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். நான் தாங்குவேன்.

நிலானி


மனுரேவா
26.01.1997

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் நினைத்தது சரி. அவர்தான்.

ஜூலையில் வேலை முடிந்து வரும்போது மழையில் கார் வழுக்கி நெடுஞ்சாலைச் சுவரில் அடித்தது. தலையில்தான் அடி. ஒக்டோபர் வரைக்கும் மெஷினில் இருந்தார். இப்போது நியூ லின்னில் ஒரு பராமரிப்பு விடுதியில் இருக்கிறார். நாள்தோறும் ரயில் மாறிப் போய் வருகிறேன். மாமியின் நெஞ்சு தாங்காது என்று உங்களுக்கு மறைத்தேன். அது பாதிதான் உண்மை. எழுதிவிட்டால் நடந்தது நடந்ததாகிவிடும் என்ற பயம் மற்றப் பாதி. மாலை வகுப்பு என்று ஒன்று இல்லை. நான் யாரிடம் கேட்பது? டொக்டர்மார் சொல்வது எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கிய சொற்களை நம்பவும் முடியவில்லை.

கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இல்லை என்கிறார்கள். காலையும் மாலையும் நேர்ஸ்மார் காதருகில் நின்று, குணா, என் கையை இறுக்கிப் பிடி, குணா, என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். விரல் அசைவதில்லை. தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பாக்யலட்சுமி என்று பெயர், அங்கே நேர்ஸாக வேலை செய்கிறாள். அவளும் சார், சார் என்று தமிழில் கேட்டுப் பார்த்துவிட்டாள். நான் இஞ்சருங்கோ என்று தொடங்கினாலே அழுகை வந்துவிடும், அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தெரியாது. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று உங்கள் கடிதங்களைப் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். அவ்வளவுதான்.

நெஞ்சில் சளி கட்டி இரண்டு தரம் காய்ச்சல் வந்தது. அடுத்த தரம் வந்தால் மருந்து கொடுக்காமல் விடலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு விளங்கட்டும் என்று டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று ஆறுதலாகச் சொன்னார். பெப்ரவரி முடிவதற்குள் கையெழுத்துப் போடத் தாளும் தந்துவிட்டார். நான் என் மச்சாளிடம் கேட்டிருக்கிறேன், அவர் உயிரியல் ஆசிரியை என்றேன். நல்லது, நேரம் எடுங்கள் என்றார்.

உங்கள் கடிதங்களின்படி பார்த்தால் கையெழுத்துப் போடவேண்டும். ஏழில் ஒன்று இல்லை. போனது திரும்பாது. பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறேன். நேற்றிலிருந்து அவருக்கு உடம்பு சுடுகிறது. இம்முறை மருந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை என்ன சொல்வது?

நீங்கள் சொன்னால் செய்கிறேன். அவர் உங்கள் அண்ணா.

லோஜனா


வவுனியா
15.02.1997

என் மச்சாள்,

கையெழுத்துப் போடவேண்டாம். இதை முதலில் வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். கொழும்புக்குப் பாஸ் கிடைத்த ஜெயரட்ணம் ஐயாவிடம் இதைக் கொடுத்து அங்கிருந்து கூரியரில் போடச் சொல்கிறேன்.

நான் எழுதியதெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைகள் பரீட்சையில் பாஸ் பண்ணுவதற்கானது. வினாத்தாளில் கல்லும் நெருப்பும்தான் வரும், அண்ணா வரமாட்டார். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். குணா யார்? அது குணரத்தினம், எங்கள் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால் இருப்பதால் அதையே அவருடைய பெயர் என்று அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் அண்ணாவின் காதில், செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மதுரைப் பிள்ளை சார் என்கிறாள். சிந்துவுக்கு அவர் அப்பா. நீங்கள் இஞ்சருங்கோ என்பீர்கள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அம்மா கலியாணத்தன்றே உங்களுக்குப் படிப்பித்தார், நீங்களும் விண்ணப்பத்தில்கூட எழுதிக் காட்டுவீர்களே தவிர வாயால் சொன்னதில்லை. ஏழு மாதமாக அண்ணாவை அண்ணாவின் பெயரால் கூப்பிட ஓர் ஆள் இல்லை.

இன்னொன்று. கையைப் பிடி என்கிறார்கள். தலையில் அடிபட்டவருக்குக் கை வராமல் இருக்கலாம். உறுத்துணர்ச்சி உண்டா என்று பார்ப்பதென்றால் அந்த உயிருக்கு எட்டுவதைக் கொடுக்கவேண்டும், அதனால் முடிந்ததைக் கேட்கவேண்டும். சூரியகாந்திக்கு முன்னால் மேளம் அடித்துவிட்டு, திரும்பவில்லை, செத்துவிட்டது என்றால் அது அடித்தவனின் பிழை.

பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்து வசீகரன் என்று கூப்பிடுங்கள். அதற்கும் ஒன்றும் இல்லாவிட்டால் வசி என்று கூப்பிடுங்கள், நாங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கண்ணை மூடச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவின் தடையை நான் எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் இல்லாமலும் போகலாம். அப்படியானால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

நிலானி


மனுரேவா
05.03.1997

அன்புள்ள மச்சாள்,

மாமிக்கு இன்னும் சொல்லாமல் இருந்தால் இதை வாசித்தபின் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். சிந்துவும் நானும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதைச் சுகம் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் வராத சொல் வாயில் சிக்கியது. பிறகு சொன்னேன். வசீகரன் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. என் காதுக்கே அது யாரோ ஒருவரின் பெயர்போல இருந்தது. வசி என்றேன். கண் அசைந்தது, மச்சாள். சுவரில் இருந்த பார்வை மெதுவாக இழுத்துக்கொண்டு என் முகத்துக்கு வந்து நின்றது.

"வசி, நான் சொல்லுறது கேக்குதெண்டா கண்ணை மூடுங்கோ," என்றேன். மூடினார். திறந்தார். தற்செயல் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் பாக்யலட்சுமியைக் கூப்பிட்டு அவள் முன்னாலும் கேட்டேன். மூடினார். அவள், "ஆமா அக்கா, ஆமா, புரியுது அவருக்கு," என்று சொல்லிவிட்டு டொக்டரிடம் ஓடினாள். டொக்டர் வந்து, அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டுப் பழகி, அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். முதல் இரண்டு தரமும் இல்லை. பிறகு மூடினார். அந்தத் தாளை டொக்டரே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எழுந்து நடப்பார் என்று எதிர்பார்க்கவேண்டாம் என்றும் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை.

குணா என்பது மாமாவின் பெயர் என்று முதல்நாளே எனக்குத் தெரியும். பேப்பரில் இருக்கும் பெயர் பிழை என்று சொன்னால் விசாப் பேப்பர்களையும் கிளறுவார்கள் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் ஏழு மாதம் ஆகியிருக்காது.

சந்தோஷமாக எழுதவேண்டிய கடிதம் இது. நான் சந்தோஷமாக இல்லை.

அடுத்த நாள், பழையபடி உங்கள் கடிதத்தை வாசிக்கலாம் என்று பையிலிருந்து உறையை எடுத்தேன். நீல விமானத் தபால் உறை, தெரியும்தானே. அதைக் கண்டதும் அவருக்கு மூச்சு அடித்துக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடிவிட்டார். திறக்கவில்லை. உறையைப் பைக்குள் வைத்து, வைத்துவிட்டேன், வசி, வைத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி, கனநேரம் கழித்துத்தான் திறந்தார். தண்ணீர் வழிந்தது.

அவர் முகத்துக்குக் கிட்டக் குனிந்தேன். கேட்கவேண்டியிருந்தது. "நான் வாசிச்சதெல்லாம் கேட்டனீங்களோ?" என்றேன். மூடினார். "ரியூப் எண்டு வாசிச்சதையும்?" மூடினார். "டொக்டர் மருந்தைப் பற்றிக் கதைச்சதையும்?" அதற்கும் மூடினார்.

கடிதத்தைப் பார்த்து வாசித்தேனே தவிர, வாசிக்கும்போது ஒரு நாளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மச்சாள். தங்கச்சி தனக்கு உயிரில்லை என்று தீர்ப்புச் சொல்ல, மனைவி அதைச் சத்தமாக வாசிக்க, அசையமுடியாமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். இப்போது நான் அறைக்குள் போனால் அந்தக் கண் முதலில் என் கையைத்தான் பார்க்கிறது. கையில் தாள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒன்றுமில்லை என்று விரித்துக் காட்டியபிறகுதான் என் முகத்துக்கு வருகிறது. என் புருஷனுக்கு என்னைக் கண்டால் பயம். இதை எப்படிப் போக்குவது என்று எந்த டொக்டரிடம் கேட்பேன்?

அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள். அவருக்கு எழுதுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு கேட்கக்கூடியதாக எழுதுங்கள். முதல் வரியிலேயே பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் போடுங்கள், மச்சாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லோஜனா